சொற்புதிரும் தோட்டத்து லயமும்



கொழும்புக் கோட்டையிலிருந்து மலையேறி வரும் புகைவண்டி, அப்புத்தளையையும் பண்டாரவளையையும் எல்லவையும் கடந்து, தெமோதரையிலே தான் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தின் வழியாக நுழைந்து வெளிவந்து, இறுதியாக வந்து நிற்கும் இடம் பதுளை. 1924-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை இந்நகரை வந்தடைந்தது. நிலையத்துப் பெயர்ப்பலகையில் நம் ஊரின் பெயர் தமிழில் மூன்றே எழுத்துக்களில் அடங்கிவிடுகிறது. அம்மூன்றையும் சற்று உற்று நோக்குங்கள். முதலெழுத்தையும் ஈற்றெழுத்தையும் கூட்டினால் 'பளை'. அது வடபாதையில் உள்ளதொரு புகைவண்டி நிலையம். நடுவெழுத்தையும் ஈற்றெழுத்தையும் கூட்டினால் 'துளை'. வழிநெடுக மலையைக் குடைந்து அமைத்த சுரங்கங்களைப் பார்த்துக்கொண்டு வந்த பயணிக்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு மூன்றெழுத்துக்கள் சேர்ந்து ஒரு சொல்லாகவும், முதலும் ஈறும் சேர்ந்து வேறொரு சொல்லாகவும், இடையும் ஈறும் சேர்ந்து மற்றுமொரு சொல்லாகவும் நிற்பதைத் தமிழ்ப் புலவர் 'திரிபாகி' என்று வழங்கினர். 'காமாரி' என்பது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காமாரி என்பவன் காமனுக்குப் பகைவனாகிய சிவபெருமான். காரி என்பவர் ஐயனார். மாரி என்பவள் நம் தோட்டந்தோறும் கோயில் கொண்டிருக்கும் அம்மன். மாசி, பங்குனி மாதங்களில் காமன் கூத்து ஆடும் நம் மக்களுக்கு இம்மூவரும் நன்கு அறிமுகமானவர்களே. ஆயினும் மூவரும் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டு மகிழ எழுத்தறிவு வேண்டும். அந்த எழுத்தறிவு மலைநாட்டில் எவ்வாறு வந்தது, வந்தபின் என்ன செய்தது என்பதையே இன்று உங்களோடு சிறிது சிந்திக்க விரும்புகிறேன்.

சொற்புதிர் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் தன் செய்யுளியலில் 'பிசி' என்று குறிப்பது நாம் இன்று விடுகதை என்று சொல்வதையே ஆகும். கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுப் பதிகமொன்றைச் சீகாழியின் மீது பாடினார். பின்வந்த தண்டியலங்காரம் இத்தகைய சித்திரகவிகளை வகைப்படுத்தி இலக்கணம் கூறிற்று. எழுத்து வருத்தனம் என்பது ஓரெழுத்தாகச் சேர்த்துச் சொல்லை வளர்ப்பது. கரம், நகரம், மாநகரம் என்பதுபோல. அதனையே தலைகீழாக்கி ஓரெழுத்தாகக் குறைத்து வந்தால் அக்கரச்சுதகம். பல வினாக்களுக்குரிய விடைகளைக் கூட்ட ஒரு பெயர் தோன்றினால் வினாவுத்தரம். ஒரு செய்யுளின் எழுத்துக்களுக்குள்ளே இன்னொரு செய்யுளை ஒளித்து வைத்தால் கரந்துறைச் செய்யுள்.

இவற்றுள் எழுத்துக்களை இடம் மாற்றி அடுக்கும் விளையாட்டு தமிழில் மிக அருமையாகவே கைகூடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கள் தனித்தனியே ஓடித் திரியும். தமிழிலோ மெய்யும் உயிரும் கைகோத்து ஓரெழுத்தாகி நிற்பதால் அவற்றைப் பிரித்து வேறிடத்தில் வைக்க இயலாது. அருமையாதலின் இன்பமும் மிகுதி. 'நமசிவாய' என்னும் ஐந்தெழுத்து இடம் மாறிச் 'சிவாயநம' ஆவதைச் சைவர் போற்றுவர். 'மரா, மரா' என்று விடாது சொல்லிய வேடன் வாயில் 'ராம, ராம' என்று அது மாறி ஒலித்த கதையை நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம்.

ஆனால் புலவர்களின் புதிர் பெரும்பாலும் பலர் பார்த்திருக்க ஒருவர் வெல்லும் வித்தையாகவே இருந்தது. மேல்நாட்டிலும் அவ்வாறே. 1610-ஆம் ஆண்டில் கலிலியோ, தொலைநோக்கியால் சனிக்கோளின் இருபுறமும் ஏதோ ஒட்டி நிற்பதைக் கண்டு, அச்செய்தியைக் கூறும் எழுத்துக்களைக் குழப்பிக் கெப்ளர் முதலிய அறிஞர் கைக்கு எட்டச் செய்தார். கெப்ளர் தனியே அமர்ந்து அவற்றை அடுக்கிப் பார்த்து, செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்று கலிலியோ கூறுவதாக முடிவு செய்துவிட்டார். 1877-ஆம் ஆண்டில் செவ்வாய்க்கு மெய்யாகவே இரு துணைக்கோள்கள் கண்டுபிடிக்கப்பட்டன என்பது வேறு வேடிக்கை. தனித்திருந்தால் பேரறிஞரும் பிழையாக விடுவிக்கக் கூடும் என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்கது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் கோப்பிப் பயிருக்காகவும், 1869-ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் இங்கே கொண்டுவரப்பட்டனர். ஊவா தனி மாகாணமாக அமைந்தது 1886-ஆம் ஆண்டில். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஆலிஎலை, அப்புத்தளை என்று மலைமேல் மலையாகத் தோட்டங்கள் பரவின. வந்தவர்களுள் எழுதப் படிக்க அறிந்தவர் மிகச் சிலர். ஆனால் அவர்கள் சொல்லிலே வறியவரல்லர். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களும், தாலாட்டும், ஒப்பாரியும், விடுகதையும் அவர்கள் நெஞ்சில் இருந்தன. அப்பாடல்களைத் தொகுத்து ஏட்டில் ஏற்றிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுக்கு நாம் கடப்பாடுடையோம்.

எழுத்தோ மெல்லவே வந்தது. 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்றது; ஆயினும் அது 6 வயது முதல் 10 வயது வரையுள்ளவர்களையே கருதிற்று. 1945-ஆம் ஆண்டில் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் அதற்குப் புறம்பாகவே இருந்தன. 1970-களில்தான் அவை அரசாங்கத்தின் பொறுப்பில் வரத் தொடங்கின. ஆகவே ஒரே காம்பராவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பெரியவர்களிடம் சொல் இருந்தது, எழுத்தில்லை. பிள்ளைகளிடம் எழுத்திருந்தது, சொல் போதவில்லை.

இவ்விரண்டையும் ஒரு பாயில் உட்கார வைத்தது எது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டி!

இப்போட்டியின் வரலாறும் சுவையானது. ஆதர் வின் என்பவர் 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி நியூயோர்க் நகரப் பத்திரிகையொன்றில் இதனை 'வேர்ட் கிராஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். சில வாரங்களில் அச்சில் அப்பெயரே முன்பின்னாக மாறிக் 'கிராஸ் வேர்ட்' ஆயிற்று. அதுவே நிலைத்தும் விட்டது. தமிழில் 1930-களில் எஸ். எஸ். வாசன் அவர்களின் ஆனந்த விகடன் இதனைப் பரிசுப் போட்டியாக்கி ஊரெங்கும் பரப்பிற்று. பரிசுப் போட்டிகளின் மோகம் மிகுந்ததனால் 1955-ஆம் ஆண்டில் இந்திய அரசு சட்டமியற்றிப் பரிசுத் தொகைக்கு எல்லை வகுக்க நேர்ந்தது. இலங்கையில் 1930-இல் வீரகேசரியும் 1932-இல் தினகரனும் தோன்றித் தோட்டங்களுக்கும் சென்றன. காலப்போக்கில் குறுக்கெழுத்து நம் வாரப் பதிப்புக்களிலும் இடம்பெற்றது. அதன் குறிப்புக்களில் அடிக்கடி வருவதொரு சொல், 'குழம்பியுள்ளது' என்பது. விடையின் எழுத்துக்கள் வரிசை மாறிக் கட்டங்களில் நிற்கின்றன என்பது அதன் பொருள். பண்டிதர் வகுத்த சித்திரகவியின் பேரப்பிள்ளை அது எனலாம்.

நான் பத்து, பதினொரு வயதுச் சிறுவனாயிருந்தபோது, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் லயத்திற்கு ஒரே பத்திரிகைதான் வரும். அதுவும் திங்கட்கிழமை மாலையில். கொழுந்து நிறுத்துவிட்டு எல்லோரும் திரும்பியபின் எங்கள் இஸ்தோப்பில் கூட்டம் சேரும். தந்தையார் குறிப்பை உரக்கப் படிப்பார். தேயிலை ஸ்டோரில் வேலை செய்த பக்கத்துக் காம்பரா மாமா கட்டங்களை எண்ணுவார். பென்சில் என் கையில். அப்பாயி அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குத் தம் பெயரைக் கூட எழுதத் தெரியாது.

ஒருநாள் ஒரு குறிப்பு வந்தது: 'ஏர் இழுப்பது, குழம்பியுள்ளது.' குறுக்கே வந்த சொற்களால் மூன்று கட்டங்களும் முன்பே நிரம்பியிருந்தன. க, ப, டு. கபடு ஏர் இழுக்குமா என்று நான் சிரித்தேன். மாமா எழுத்துக்களை எப்படியெப்படியோ புரட்டிப் பார்த்தார், பொருள் படவில்லை. பிழையாக அச்சிட்டுவிட்டார்கள் என்று தந்தையார் தீர்ப்புச் சொல்லும் வேளையில் அப்பாயி, “என்னென்ன எழுத்துடா?” என்று கேட்டார். சொன்னேன். “பகடுன்னு போடு. எங்கப்பாருகிட்ட ஒரு சோடி இருந்துச்சு” என்றார்.

பகடு என்றால் எருது. அப்பாயி சிறுமியாக மண்டபம் முகாமைக் கடந்து இந்நாட்டுக்கு வந்தவர். தேயிலை மலையிலே ஏரும் இல்லை, உழவுமில்லை. நெடுங்காலம் ஒருவரும் கேளாத அச்சொல்லை அவர் மனத்துள்ளே வைத்திருந்தார். கட்டங்களில் மூன்று எழுத்துக்களும் கண்முன்னே நின்றும் எங்களால் காணமுடியாததை, எழுத்தறியாத அவர் கண்டார். நான் எழுத்தைச் சொல்லாவிட்டால் அவரும் கண்டிருக்கமாட்டார். அன்று யார் விடுவித்தார் என்று கேட்டால், லயம் விடுவித்தது என்பதே சரியான விடை.

இந்த லயங்களைக் காலம் கலைத்துப் போட்டது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 300,000 பேரை இங்கே குடிகளாக ஏற்பதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974-ஆம் ஆண்டின் உடன்பாடு இரு நாட்டுக்கும் பாதியாகப் பங்கிட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறியவர்களுள் பக்கத்துக் காம்பரா மாமாவின் குடும்பமும் ஒன்று. 1982-ஆம் ஆண்டில் அவர்கள் போனார்கள். அடுத்த திங்கட்கிழமை நாங்கள் பத்திரிகையை விரித்தோம். பாதிக் கட்டங்கள் வெறுமையாகவே கிடந்தன.

சில மாதங்கள் கழித்து மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் முகவரியையும் பிள்ளைகளின் சுகத்தையும் எழுதிவிட்டு, கடைசி வரியில், 'எங்களை நகரம் ஒன்றில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். குழம்பியுள்ளது' என்று முடித்திருந்தார். தந்தையார் அவ்வரியை உரக்கப் படிக்கவில்லை. நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ந, க, ர, ம். நடுவிலுள்ள இரண்டு எழுத்துக்களை மாற்றினாற் போதும். என்ன எழுதியிருக்கிறார் என்று அப்பாயி கேட்டார். “நல்லா இருக்காங்களாம்” என்றார் தந்தையார். அப்பாயி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எழுத்தில்லாமலே அவர் அந்தப் புதிரையும் விடுவித்துவிட்டார் என்றே நான் எண்ணுகிறேன்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. எம் பாடசாலைப் பிள்ளைகளிடம் எழுத்து நிறைய உண்டு. அவர்களிற் பலர் பல்கலைக்கழகம் செல்கின்றனர். கைப்பேசியின் வழியே நாடு கடந்த தமிழர்கள் ஒருவரையொருவர் கண்ணாற் காணாமலே கூடி, எழுத்துப் புதிர்களை விடுவித்து மகிழ்வதையும் காண்கிறோம். கப்பலில் பிரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவ்வாறேனும் ஒரு கட்டத்தில் சந்திக்கக் கூடுமாயின் அது நல்லதே. ஆனால் எழுத்து வளர்ந்த வேகத்திலே சொல் தேய்ந்து வருகிறது என்ற அச்சம் எனக்குண்டு.

ஆதலால் எம் பாடசாலையின் அறிவித்தற் பலகையில் வாரத்திற்கொரு சொல்லை எழுதுகிறேன். 'தகரம்' என்று எழுதினால் அதனுள்ளிருந்து தரம், கரம், ரதம், ரகம் என்று பிள்ளைகள் வாரி எடுத்து வருவார்கள். விதி ஒன்றே: விடையோடு, அதற்கு உதவிய வீட்டார் ஒருவரின் பெயரும் வரவேண்டும். தனியே கண்ட விடைக்குப் புள்ளி இல்லை. ஒரு வாரம் 'கதவு' என்று எழுதி, எழுத்துக்களை மாற்றி நற்பண்பொன்றைக் காட்டுக என்றேன். மூன்று நாட்கள் ஒருவரும் வரவில்லை. நான்காம் நாள் எட்டாந்தரத்து மாணவி ஒருத்தி 'தகவு' என்று எழுதி வந்தாள். அருகே தன் தாத்தாவின் பெயர். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வரும் சொல் அது. தாத்தா தோட்டத்துப் பசனை மடத்தில் கேள்வியாற் கற்றவர்; பள்ளிக்குச் சென்றவரல்லர்.

நேயர்களே, விடைபெறும் முன் உங்களுக்கும் ஒரு புதிர். 'மலையகம்' என்பது ஐந்தெழுத்து. அவ்வைந்தையும் ஒன்றும் விடாமல், புதிதாக ஒன்றும் சேர்க்காமல், வரிசை மாற்றி அடுக்குங்கள். ஆய அறுபத்து நான்கு என்று நம் முன்னோர் எண்ணியது முதலிரண்டு எழுத்துக்களில் வந்து நிற்கும். மிகுதியும் தானே வரும். தாளும் பென்சிலும் போதும் என்று எண்ணித் தனியே முயலாதீர்கள். வீட்டிலுள்ள மூத்தவரைக் கூப்பிட்டு அருகில் இருத்திக்கொள்ளுங்கள். அவருக்கு எழுத்துத் தெரியாதாயின் நீங்கள் எழுத்தைச் சொல்லுங்கள். சொல்லை அவர் சொல்வார்.