உப்பளமும் முதுமை மறதியும்

முத்துக்குளித்துறையின் வரலாற்றை எழுதியோர் முத்தையும் துறைமுகத்தையும் போற்றினர். உப்பளத்தில் வெந்த நம் முன்னோரின் முதுமையை எழுதியோர் அரியர்.

நம் மக்களின் கல்விக்கெனச் சென்னை அரசு 1893-ஆம் ஆண்டிலேயே ஆணை பிறப்பித்தது. ஆயினும் பள்ளி வாயில் எளிதில் திறக்கவில்லை. பெருந்தலைவர் காமராசரின் மதிய உணவுத் திட்டம் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது, இன்று எண்பத்தைந்தைக் கடந்தோர்க்குப் பள்ளிப் பருவம் கழிந்துவிட்டது; அவருட் பலர் உப்பு வாரிக்கொண்டிருந்தனர்.

அவ்விழப்பு ஏட்டோடு நின்றதா? இல்லை. 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுற்றோர் என மதிப்பிட்டது. கல்வி குறைந்தோரிடம் அது மிகுதி. ‘லான்செட்’ மருத்துவ இதழின் குழு 2024-இல் கூறிய 14 காரணங்களுள் இளமையில் கல்விக் குறைவும், கவனியாது விட்ட பார்வைக் குறைவும் உள்ளன. கற்ற மூளை முதுமையில் நோயை நெடுநாள் தாங்கும் என்பர் அறிஞர்.

ஆகவே பாட்டியின் மறதியைத் தலையெழுத்தென நாம் தள்ளலாகாது. மறுக்கப்பட்ட பள்ளிக்கும் அதில் பங்கிருக்கலாம். இளைஞர்களே! முதியோரின் கண்ணையும் செவியையும் இரத்த அழுத்தத்தையும் சோதிக்கச் செய்யுங்கள். ஒரு பிள்ளையும் பள்ளியை விட்டு நிற்க இடங்கொடாதீர். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஏற்றிய கல்வி விளக்கு, முதுமைக்கும் ஒளியாகும்.