வீணாகாத படலம்



மின்கம்பிகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிறோம். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதுதான் காரணம். அந்த எண்ணம் மாறியது தவறிப்போன ஒரு சோதனையால்.

1967-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடெகி ஷிரகாவா, அசிட்டிலின் வாயுவிலிருந்து பாலிஅசிட்டிலின் என்ற பாலிமர் உருவாவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். உடன் வேலை செய்த ஒருவர் வினையூக்கியை ஏறக்குறைய 1000 மடங்கு அதிகமாகச் சேர்த்துவிட்டார். கருப்புத் தூள் வரவேண்டிய இடத்தில் பளபளக்கும் மெல்லிய படலம் வந்தது. ஷிரகாவா அதைக் குப்பையில் போடவில்லை. ஏன் இப்படி வந்தது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

பின்பு அலன் மக்டயர்மிட் அவரை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். படலத்தில் அயோடின் ஆவி பட்டதும் அதன் மின்கடத்துதிறன் சுமார் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. பாலிமர் சங்கிலியிலிருந்து சில எலக்ட்ரான்களை அயோடின் எடுத்துக்கொண்டது. மற்றவை நகர வழி பிறந்தது. 1977-இல் இதை வெளியிட்டார்கள்.

1990-இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃபிரெண்டின் குழு, இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பாலிமரில் மின்சாரம் செலுத்தி அதை ஒளிரவைத்தது. 2000-இல் ஷிரகாவா, மக்டயர்மிட், ஹீகர் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐயாயிரம் பேர் சாப்பிட்டு முடித்த பின்பும், மீந்த துணிக்கைகள் வீணாகக் கூடாது என்றார் ஆண்டவர். 12 கூடைகள் நிறைந்தன. பரீட்சையோ வேலையோ நாம் நினைத்தபடி அமையாதபோது, எல்லாம் வீண் என்று தள்ளிவிடாதிருங்கள். கையில் மீந்திருப்பது என்னவென்று ஜெபத்தோடு பாருங்கள்.