மூட்டு மாற்றமும் உறையும் ரத்தமும்

2000-ஆம் ஆண்டு அக்டோபரில், அன்றைய பிரதமர் வாஜ்பாய் டில்லியிலிருந்து மும்பை சென்று இடது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூனில் வலது மூட்டும் மாற்றப்பெற்றது. மூட்டு மாற்று ரண சிகிச்சையைப் பற்றி நாம் திண்ணைகளிலும் பேசத் தொடங்கியது அக்காலத்தில்தான். ஆயினும் அதன் மறைவான ஆபத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

சிகிச்சைக்குப் பின் அசையாது கிடக்கும் காலின் ஆழ்ந்த சிரைகளில் ரத்தம் தேங்கி உறையக்கூடும். அக்கட்டி பெயர்ந்து, இதயத்தின் வழியே சென்று நுரையீரல் நாளத்தை அடைத்தால், நன்கு தேறிவரும் நோயாளியும் சில நிமிடங்களில் மாளலாம். இப்போக்கை 1856-இல் விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ. சரியாக நூறாண்டு கழித்து, 1956-இல், டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் தோன்றியபோதும், இதனை வருமுன் தடுக்கும் முறை உலகில் பரவலாக வழங்கவில்லை.

மருந்து இல்லாமலில்லை. 1916-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜே மக்ளீன் என்னும் மருத்துவ மாணவர் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடப்போய், உறையவிடாத பொருளைக் கண்டார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையொட்டி அது பின்னர் ஹெபாரின் எனப் பெயர் பெற்றது. ஆனால் புதுப் புண்ணில் ரத்தம் பெருகுமே என்று ரண சிகிச்சையாளர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே.

இந்திய வழியினரான விஜய் கக்கர் லண்டனிலிருந்து அதற்கு விடை கண்டார். கட்டி தோன்றிய பின் மிகுதியாகக் கொடுக்கும் மருந்தை, தோன்றுமுன் சிற்றளவில் கொடுத்தால் என்ன? பெரிய ரண சிகிச்சை பெற்ற 4,121 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 1975-இல் வெளிவந்தது. ஹெபாரின் பெறாதோரில் நுரையீரல் அடைப்பால் இறந்தவர் 16 பேர், பெற்றோரில் இருவரே.

இடுப்பு, முழங்கால் மூட்டுகளுக்கு அச்சிற்றளவு போதவில்லை. 1980-களில் மூலக்கூறு எடை குறைந்த ஹெபாரினும், பின்னர் மாத்திரைகளும் வந்தன. ஆஸ்பிரினும் இன்று பயன்படுகிறது.

நம் நாட்டிலோ, இந்நோய் இந்தியருக்கு அரிது என்ற எண்ணம் மருத்துவர்களிடையே நெடுங்காலம் நிலவியது. தேடாததைக் காண்பது எங்ஙனம்? ஒலியலைக் கருவி கொண்டு கால்களைச் சோதித்தபோது நம்மவரிடமும் கட்டிகள் தென்பட்டன.

இன்று நோயாளியை அன்றோ மறுநாளோ எழுப்பி நடத்துகின்றனர். காயம் ஆறிவிட்டதே, இன்னும் மருந்து எதற்கு என்று உறவினர் வினவுவதுண்டு. வீடு திரும்பிச் சில வாரங்கள் ஆன பின்னும் ரத்தம் உறையக்கூடும். இடுப்பு மூட்டு மாற்றியவர்க்கு மருந்து 35 நாள் வரை நீடிப்பது அதனாலேயே.