அசையாமல் நின்றால் பூக்கும் ஒளிமலர்கள்

சிங்கப்பூரின் கலை அறிவியல் அரும்பொருளகத்தில் 2016 மார்ச் மாதம் ‘எதிர்கால உலகம்’ கண்காட்சி திறக்கப்பட்டது. படைப்புகளை வடிவமைத்தது, 2001ல் தோக்கியோவில் தொடங்கிய டீம்லேப் குழு.

‘மலர்களும் மனிதர்களும்: கட்டுப்படுத்த இயலாது, சேர்ந்து வாழலாம்’ என்பது இக்குழுவின் புகழ்பெற்ற படைப்பு. அதில் சுவரிலும் தரையிலும் ஒளிப்பூக்கள் அரும்பி, மலர்ந்து, வாடி உதிர்கின்றன. ஓராண்டின் பருவமலர்கள் ஒரு மணி நேரத்தில் வந்துபோகும். அசையாமல் நிற்பவர் அருகே பூக்கள் பெருகும். தொட்டாலோ நடந்தாலோ உதிரும்.

இது முன்பே பதிவுசெய்த காணொளி அல்ல. நம் அசைவை உணர்கருவிகள் அறிய, கணினி நிரல் அந்தந்த நொடியே படத்தை வரைகிறது. அதனால், கைபேசியில் படம்பிடித்த காட்சியை மறுபடியும் சுவரில் காணமுடியாது.