குருதியைத் தூய்மை செய்ய முயன்ற வரலாறு

குடல் துளைபட்டு வயிறெங்கும் சீழ் பரவினால், அறுவை மருத்துவர் துளையை அடைத்துச் சீழைக் கழுவி அகற்றுவார். ஆயினும் அதற்குள் குருதியிற் கலந்துவிட்ட நஞ்சைக் கத்தி கொண்டு அகற்ற இயலாது. அறுவை இனிது முடிந்த பின்னும் இரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழப்பதுண்டு. இதனையே மருத்துவர் 'செப்டிக் ஷாக்' என்பர்.

1892ஆம் ஆண்டில், பெர்லினில் ராபர்ட் காக்கிடம் பணியாற்றிய ரிச்சர்டு ஃபைஃபர், காலராக் கிருமி மாண்ட பின்னும் அதன் உடலிலுள்ள நஞ்சு கொல்லும் தன்மையது எனக் கண்டார். இவ்வகை நஞ்சு அகநஞ்சு எனப்பட்டது. கிருமியைக் கொல்வது மட்டும் போதாது என்பது இதனால் விளங்கிற்று.

1943இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை அமைத்தார். குருதியை உடலுக்கு வெளியே கொணர்ந்து, கழிவு நீக்கி, மீளச் செலுத்தும் வழி பிறந்தது. எனினும் அகநஞ்சு அத்தகைய கருவியின் சவ்வை எளிதிற் கடப்பதன்று. 1947இல் அறியப்பட்ட பாலிமிக்சின் என்னும் மருந்து அகநஞ்சைப் பற்றிக்கொள்ளும். ஆனால் உடலிற் செலுத்தினால் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். ஜப்பானிய அறிஞர் அம்மருந்தை நாரிழைகளிற் பிணைத்து, குருதியை அவற்றின் மீது ஓடவிட்டனர். நஞ்சு இழையில் தங்கும். மருந்து உடலிற் புகாது. 1990களில் இம்முறை ஜப்பானில் வழக்கிற்கு வந்தது.

2009இல் இத்தாலிய ஆய்வொன்று வெளிவந்தது. வயிற்றில் அறுவை செய்யப்பெற்ற 64 நோயாளிகளுள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 53 பேர் 28 நாட்களுக்குள் மாண்டனர். குருதித் தூய்மையும் பெற்றோரில் 32 பேரே மாண்டனர். இத்துணைப் பயன் தோன்றியபின் மற்றோர்க்கு இச்சிகிச்சையை மறுப்பது அறமன்று என ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. இரக்கத்தால் எடுத்த அம்முடிவே ஐயத்திற்கும் இடம் தந்தது. சிறு தொகையினரிடம் கண்ட வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாமன்றோ?

2015இல் பிரான்சில், குடல் துளைபட்டு அறுவை செய்யப்பெற்ற 243 பேரிடமும், 2018இல் வட அமெரிக்காவில் 450 பேரிடமும் செய்த ஆய்வுகளில் இறப்புக் குறையவில்லை. 2021இல் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டு நெறி இம்முறையை மேற்கொள்ள வேண்டாமென ஆலோசனை கூறிற்று. தக்க நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தால் பயன் கிட்டுமா என்னும் ஆராய்ச்சி அதன் பின்னும் தொடர்ந்தது.

கருவி நஞ்சை ஈர்க்கிறது என்பது கொண்டே உயிர் காக்கும் என்று துணிதல் ஆகாது. பிழைத்தோரை எண்ணிப் பார்த்த பின்னரே ஒரு சிகிச்சையை ஏற்க வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.