நெஞ்சகப் பிசியோதெரபி – வைரஸ் சுவாச நோய்களில்

நுரையீரலில் தேங்கிய சளியை வெளியேற்றவும், சுருங்கிப்போன நுரையீரல் பகுதிகளை விரிக்கவும், மூச்சுவாங்கலைத் தணிக்கவும் உதவும் பயிற்சிகளின் தொகுப்பு நெஞ்சகப் பிசியோதெரபி. தமிழ்நாட்டில் இது இயன்முறை மருத்துவத்தின் ஒரு கிளை.

1901-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் எவார்ட், மூச்சுக்குழாய் விரிந்து சளி கட்டும் நோயாளிகளைத் தலை தாழப் படுக்கவைத்துச் சளியை வடியச் செய்யும் முறையை எழுதினார். குழித்த கையால் முதுகில் தட்டுவது பின்னர் அதனுடன் சேர்ந்தது. இன்றும் பலருக்குப் பிசியோ என்றால் அந்தத் தட்டல்தான்.

வைரஸ் நோயில் முதலில் பார்க்க வேண்டியது, சளி இருக்கிறதா என்பதே. கோவிட்-19 நோயாளிகள் பலருக்கு வறட்டு இருமல்தான். அங்கே தட்டினால் வெளியேற எதுவுமில்லை. நோயாளி களைத்துப்போவார், இருமல் துளிகளும் பரவும். மூச்சுநுண்குழாய் அழற்சியோடு மருத்துவமனையில் சேர்க்கப்படும் கைக்குழந்தைகளுக்கும் தட்டுவதால் நோய் விரைவில் தணிவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டில் அன்போடு செய்வதுதான். ஆனாலும் மூச்சுக்குத் திணறும் பிள்ளையை அது மேலும் சோர்வாக்கும்.

கெட்டிச் சளி சேர்ந்து, தானாகத் துப்ப முடியாதவருக்குக் கதை வேறு. அமைதியான மூச்சு, மூன்று நான்கு ஆழ்மூச்சு, பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாய் திறந்து 'ஹா' என்று வெளிவிடும் மூச்சு: இந்தச் சுழற்சி சளியை மேலே நகர்த்தும். கடும் மூச்சுத்திணறலில் வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறப் படுக்கவைப்பது உயிர்காப்பது. 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் அப்படிப் படுத்தவர்களிடையே 28 நாளில் இறப்பு 16 விழுக்காடு. மல்லாந்து படுத்தவர்களிடையே 32.8.

மலைத்தோட்டங்களில் வேலை செய்வோர் உயரத்தையும் மருத்துவமனையின் தொலைவையும் சேர்த்தே எண்ண வேண்டும். எடுத்துக்காட்டாக, மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையின் ரிங்லெட்டுக்குக் கீழே உள்ளது லெம்பா பெர்த்தாம். இங்கு இன்று காய்கறித் தோட்டங்களே மிகுதி. 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இதே மலையில்தான். தொடக்கத்தில் தமிழர்களே கொழுந்து பறித்தனர். இப்போது வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தோரும் பறிக்கின்றனர். மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில், சுமார் 1,440 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் அளவை அந்த நினைவோடு படிக்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு மலையிறங்கி ஈப்போ போக வேண்டியிருப்பதால், திணறல் முற்றும்வரை வீட்டில் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சல் விட்டதும் கூடையோடு சரிவில் ஏறுவது குணமடைந்ததற்கு அடையாளமல்ல. முதலில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, பிறகு வீட்டு வாசலின் சமதரையில் நடை. அதற்கும் பின்பே மேடு. நடக்கையில் ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், நின்றுவிட வேண்டும்.