சாய்ந்த தடித்த எழுத்தின் குரல்: ஃபியூச்சுரா எழுத்துரு வரலாற்றில் ஒரு பகுதி

ஐரோப்பிய அச்சு வரலாற்றில் சாய்வெழுத்தும் முனைக்கோடற்ற எழுத்தும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றியவை. வெனிசு நகரில் ஆல்டஸ் மனூசியஸ் 1501-இல் வெளியிட்ட வர்ஜில் பதிப்புக்கெனப் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்து, அக்கால அறிஞர்தம் விரைவுக் கையெழுத்தைத் தழுவியது. கையடக்கமான நூலொன்றை முழுமையாக அச்சிடவே அது பயன்பட்டது. சொற்களை அழுத்திக் காட்டும் பணி பின்னரே அதற்கு வந்தது. சான்ஸ் செரிஃப் எனப்படும் முனைக்கோடற்ற எழுத்தோ இங்கிலாந்தில் நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரி ஏட்டில் 1816-இல் பெரிய எழுத்துகளாக மட்டும் இடம்பெற்றது. பின்னர் அது சுவரொட்டிகளிலும் விளம்பரத் தாள்களிலும் பரவியது. ஒன்று படிப்பறையிலிருந்தும் மற்றொன்று தெருவிலிருந்தும் வளர்ந்தன எனலாம்.

இவ்விரண்டும் இணைந்தபோது கிடைத்த தலைப்பெழுத்துகளுள் பெரும் செல்வாக்குப் பெற்றது ஃபியூச்சுராவின் தடித்த சாய்வெழுத்தாகும். பால் ரென்னர் (1878–1956) வடிவமைத்த ஃபியூச்சுராவை ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பாவர் எழுத்து வார்ப்பகம் 1927-இல் வெளியிட்டது. வட்டம், முக்கோணம், நேர்கோடு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட இவ்வெழுத்தில் பேனாவின் சாயல் அறவே இல்லை. ஆகவே அதன் சாய்வடிவமும் கையெழுத்திலிருந்து பிறக்கவில்லை. நேரெழுத்தே வலப்புறம் சரிக்கப்பட்டது. தமிழில் கணினி வழங்கும் சாய்வும் பெரும்பாலும் இத்தகையதே. எனினும் வெறுமனே சரித்தால் போதாது. சரிந்த வட்டம் ஒருபுறம் வீங்கியும் மறுபுறம் மெலிந்தும் கண்ணுக்குத் தோன்றும். அதனை வடிவமைப்பாளர் திருத்தியாக வேண்டும். கோடு தடிக்குந்தோறும் எழுத்தின் உள்வெளி சுருங்கும். சிறிய அளவில் அச்சிட்டால் மை அவ்வெளியை அடைத்துவிடும். பத்திகளுக்கு ஒவ்வாத இக்குறையே பெரிய அளவில் வலிமையாகிறது. தடிப்பு பார்வையை நிறுத்துகிறது, சாய்வு முன்னே தள்ளுகிறது. படிப்பவர் ஓர் ஆணையைக் கேட்டவர் போலாகிறார்.

ஆணையிடுவோரை ரென்னர் விரும்பியவரல்லர். நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையைச் சாடி 1932-இல் சிறு நூலொன்று எழுதினார். 1933-இல் மியூனிக் அச்சுக்கலைப் பள்ளியின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஜெர்மானியர்க்கே உரியதெனப் போற்றப்பட்ட ஃபிராக்டூர் எழுத்தை 'யூத எழுத்து' எனப் பழித்து அதே ஆட்சி 1941 சனவரி 3-இல் சுற்றறிக்கை வழி விலக்கியது, வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

போருக்குப் பின் ஃபியூச்சுரா அமெரிக்க விளம்பரத்துறையில் வேரூன்றியது. 1959-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஃபோக்ஸ்வாகன் விளம்பரத்தின் தலைப்பு அதிலேயே அமைந்தது. 1950-களில் எட்வின் ஷார் போன்றோர் மேலும் தடித்த வடிவங்களைச் சேர்த்தனர். விற்பனையின் குரல் எதுவென்று வாசகர்க்கு இக்காலத்தில் பழகிப்போயிற்று.

அப்பழக்கத்தையே கருவியாக்கியவர் பார்பரா க்ரூகர். 1945-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க்கில் பிறந்த இவர், 'மாதமோசெல்' என்னும் மகளிர் இதழில் வடிவமைப்பாளராகப் பணியாற்றியவர். பெண்களிடம் பொருள்களை விற்கும் பக்கங்களின் நுட்பம் அவருக்குக் கைவந்திருந்தது. பழைய கறுப்பு வெள்ளை நிழற்படத்தின் மீது சிவப்புப் பட்டை, அதில் வெள்ளையாகத் தடித்த சாய்வெழுத்து என்பதே அவரது முறை. கருக்கலைப்பு உரிமையைக் காக்க வாஷிங்டனில் 1989-இல் நடைபெற்ற பெண்கள் பேரணிக்காக அவர் உருவாக்கிய சுவரொட்டி, பெண்ணின் முகத்தை நேர்ப்படமாகவும் எதிர்மறைப்படமாகவும் நடுவே பிளந்து, உடல் ஒரு போர்க்களம் என்று முன்னிலையில் விளித்துக் கூறியது. 'வாங்கு' என்று சொல்லிப் பழகிய எழுத்து இங்கே 'உன் உடல் யாருடையது' என்று கேட்கிறது. எழுத்தின் வடிவம் மாறவில்லை என்பது நோக்கத்தக்கது. மென்மையான வேறோர் எழுத்தில் இதே தொடர் ஒரு கருத்தாக மட்டும் நின்றிருக்கும்.

வணிகம் இக்குரலை மீட்டுக்கொள்ள நெடுங்காலம் ஆகவில்லை. ஜேம்ஸ் ஜெபியா 1994-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'சுப்ரீம்' என்னும் சறுக்குப்பலகை, ஆடை விற்பனை நிறுவனம், சிவப்புப் பெட்டிக்குள் ஃபியூச்சுராவின் தடித்த வெள்ளைச் சாய்வெழுத்தில் தன் பெயரைப் பொறித்தது. இது க்ரூகரின் பாணியைப் பின்பற்றியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை. 1978-ஆம் ஆண்டின் எல்ட்ரா வழக்குத் தீர்ப்பு இதனை உறுதிசெய்தது. வணிகச் சின்னத்துக்கோ பாதுகாப்பு உண்டு. இவ்வேறுபாட்டின் விளைவு 2013-இல் வெளிப்பட்டது. தன் சின்னத்தை எள்ளலாகக் கையாண்ட மகளிர் ஆடை நிறுவனமொன்றின் மீது சுப்ரீம் வழக்குத் தொடுத்தது. கருத்துக் கேட்ட இதழுக்கு க்ரூகர் அனுப்பிய விடையில் இரு தரப்பினரையும் ஏளனம் செய்து, அவர்கள் அனைவரும் தம்மீதே வழக்கிடுவதற்காகக் காத்திருப்பதாக எழுதினார்.

2017-இல் நியூயார்க்கில் நடைபெற்ற பெர்ஃபார்மா விழாவுக்காக க்ரூகர், மன்ஹாட்டன் பாலத்தின் கீழுள்ள சறுக்குத் திடலைத் தம் சிவப்பு வெள்ளைத் தொடர்களால் நிரப்பினார். அவ்வெழுத்துப் பொறித்த பலகைகளையும் ஆடைகளையும் விற்கத் தற்காலிகக் கடை ஒன்றும் திறக்கப்பட்டது. சுப்ரீம் நிறுவனம் 2020-இல் ஏறத்தாழ 210 கோடி டாலருக்கும், 2024-இல் 150 கோடி டாலருக்கும் கைமாறியது.